சுரக்குடிக்கு வந்த பாட்டும் சுரக்குடியில் இருந்த பாட்டும்

எங்கள் ஊருக்குத் தொலைக்காட்சி கடல் தாண்டி வந்தது. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்றே ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தாலும் அந்த அலை காரைக்கால் பக்கம் எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகுதான் காரைக்கால், நாகப்பட்டினம், வேதாரண்யம் என்று இந்தக் கரையோர ஊர்களில் கையில் காசிருந்தவர்கள் பெட்டி வாங்கினார்கள். இரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, கூரையைத் தாண்டி உயர்த்தி, உச்சியில் ஆன்டெனாவைத் தெற்குப் பார்க்கத் திருப்பி, பூஸ்டர் மாட்டினால் படம் விழும். காற்று அசையாத கோடை இரவுகளில் பளிச்சென்று இருக்கும். ஐப்பசி அடைமழையில் வெறும் புள்ளிதான்.

சுரக்குடியில் பெரிய தெருவில் ஒரு வீட்டுக்கு அப்படி ஒரு பெட்டி வந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் அந்த வீட்டு மாட்டுக்கொட்டகை ஓரமாக நின்று சன்னல் வழியாகப் பார்ப்போம். உள்ளே போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அங்கே நின்றுதான் சிங்களப் பாட்டைக் கேட்டேன், கண்டி நடனத்தைப் பார்த்தேன். பொருள் விளங்காவிட்டாலும் மத்தளச் சத்தம் பிடித்துப்போய் வீடு திரும்பும்வரை தொடையில் தட்டிக்கொண்டே வருவேன்.

அதே ஆண்டுகளில் அதே வீட்டாரின் வயலில் என் அம்மா நடவுப் பாட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

நடவு வயலில் இருபது முப்பது பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். இடது கையில் நாற்றுமுடி இருக்கும். வலது கை அதிலிருந்து பிரித்துப் பிரித்துச் சேற்றில் ஊன்றும். நட்ட பயிரை மிதிக்கக்கூடாது என்பதால் நட நடப் பின்னோக்கித்தான் நகர வேண்டும். பாட்டெடுக்கிறவர் வரிசையின் நடுவில் நிற்பார். ஓர் அடியை அவர் எடுத்துக் கொடுக்க, இரண்டு பக்கத்தாரும் வாங்கிப் பாடுவார்கள். அவர்கள் வாங்கிப் பாடும் நேரம்தான் அவருக்கு மூச்சு விடும் நேரம். மடங்கிய வயிற்றிலிருந்து வரும் குரல் என்பதால் அடிகள் குட்டையாக இருக்கும். ஒவ்வோர் அடியின் முடிவிலும் ஓர் இழுப்பு வரும். அந்த இழுப்பில்தான் கை சேற்றுக்குள் இறங்கும். வெயில் ஏறிக் கைகள் தளரும்போது அம்மா பாட்டின் நடையை ஒரு பிடி கூட்டுவார். கூடவே கைகளும் வேகமெடுக்கும். வரப்பில் குடை பிடித்து நிற்கும் காரியக்காரர் அதட்டினால் அடுத்த நாலு அடியில் அவரும் பாட்டுக்குள் வந்துவிடுவார். பெயர் வராது, அடையாளம் மட்டும் வரும். பெண்கள் சிரிப்பார்கள், அவருக்கு ஏனென்று தெரியாது.

முதலில் பிள்ளையார், பிறகு ஊர்த் தெய்வங்கள், பிறகு ஆறு, மழை, மாடு, மாமியார் வீடு, கூலி என்று பாட்டு போகும். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட செய்தியும் அம்மாவின் பாட்டில் உண்டு. வெண்மணி எங்களுக்கு எட்டாத ஊரில்லை. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டவர்களின் கதை எங்கள் வயலுக்கும் உரியதுதான். இந்தப் பாட்டு இவ்வளவு நேரம்தான் என்று கணக்கு கிடையாது. வயல் முடியும்போது பாட்டு முடியும். கடைசி முடியை ஊன்றியதும் குலவை போட்டுவிட்டுக் கரையேறுவார்கள்.

இந்தக் குரல் சன்னலுக்கு வெளியே இருந்தது. சன்னலுக்கு உள்ளே பெட்டி இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன். எனக்குக் கிடைத்த இசைக் கல்வி இதுதான். அதனால்தான் பாட்டையும் பெட்டியையும் பற்றிய பேச்சை எடுத்தாலே என்னால் நிதானமாக இருக்க முடிவதில்லை.

அன்றைய சுரக்குடியில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. எங்கள் ஊர் திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்தது. கோயில் திருவிழா என்றால் நாயனமும் தவிலும் இரவெல்லாம் கேட்கும். ஓதுவார் தேவாரம் பாடுவார். மதுரையில் அனல் வாதம் நடந்தபோது சம்பந்தர் நெருப்பில் இட்டும் கருகாமல் நின்றதாகச் சொல்லும் பச்சைப் பதிகம் திருநள்ளாற்றுக்கு உரியது, பழந்தக்கராகப் பண்ணில் அமைந்தது. காரைக்காலில் ஆனிப் பௌர்ணமிக்கு மாங்கனித் திருவிழா. அந்த விழாவுக்குரிய காரைக்கால் அம்மையார்தான் தேவார மூவருக்கும் முன்பே நட்டபாடையிலும் இந்தளத்திலும் பதிகம் பாடி வைத்துவிட்டுப் போனவர். மஸ்தான் சாகிபு தர்கா கந்தூரி வந்தால் இன்னொரு வகை இசை. பக்கத்து நாகூரிலிருந்து ஹனிபாவின் குரல் கூம்பு ஒலிபெருக்கி வழியாக எல்லாக் கல்யாணத்துக்கும் வந்துவிடும், அது எந்த மதத்தார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் சரி. மாசியில் காமன் பண்டிகைக்கு எரிந்த கட்சி எரியாத கட்சி லாவணி நடக்கும். சாவு வீட்டில் தப்பும் ஒப்பாரியும். இவ்வளவும் நடந்து போய்க் கேட்கும் தூரத்தில் இருந்தன. ஒன்றுக்குக்கூட நாங்கள் காசு கொடுத்ததில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில் தூர்தர்ஷன் எங்களுக்குத் தெளிவாகக் கிடைக்கத் தொடங்கியது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்வந்த என் தாய்மாமன் ஒரு சாலிடேர் கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கினார். எங்கள் தெருவின் முதல் பெட்டி அது. மாமா செய்த முதல் காரியம், அதைத் திண்ணைக்குக் கொண்டுவந்து தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்ததுதான். வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ நேரத்தில் தெருவே அங்கே இருக்கும். ‘வயலும் வாழ்வும்’ வந்தால் ஆண்கள் உட்காருவார்கள். ‘கிராமிய இசை’ என்று தலைப்புப் போட்டு யாராவது பாட வந்தால் மட்டும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வருவார்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திரையில் வரும் பெயரைப் படித்துச் சொல்வது என் வேலை. பாடுபவர் பெயர், ஊர், தவில் யார், பம்பை யார் என்று எழுத்து ஓடும். நான் வாசிக்க வாசிக்க அம்மா அந்த ஊர்ப் பெயர்களைத் தனக்குள் சொல்லிப் பார்ப்பார். அரசுத் தொலைக்காட்சி செய்த காரியங்களில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். பாடினவருக்கு ஒரு பெயர் உண்டு, அவருக்கு ஓர் ஊர் உண்டு, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவருக்கும் ஒரு பெயர் உண்டு என்று அது எழுதிக் காட்டியது. பாடியதற்குச் சன்மானமும் கொடுத்தது. நாட்டுப்புறப் பாட்டு என்றால் யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் ஒன்றும் தர வேண்டியதில்லை என்று நினைக்கும் நாட்டில் அது சின்ன மரியாதை அல்ல.

அந்த வழியாகவும் வானொலி, சினிமா வழியாகவும்தான் சில பெயர்கள் எங்கள் தெருவில் புழங்கத் தொடங்கின. மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவர் நவநீதகிருஷ்ணனும் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த பாட்டை மேடையிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாடினார்கள். 2018-இல் விஜயலட்சுமிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வேதாரண்யத்துக்குப் பக்கத்துப் புஷ்பவனத்திலிருந்து குப்புசாமி வந்தபோது எங்களுக்குக் கூடுதல் சொந்தம். எங்கள் கரையோரத்துப் பிள்ளை அல்லவா! சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடி கருப்பாயியை வானொலியில் முதலில் கேட்டோம், பிறகு 1985-இல் ‘ஆண்பாவம்’ படத்தில் பார்த்தோம். அவர் குரலைக் கேட்டதும் அம்மா சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: “இந்த அம்மா வயக்காட்டுல பாடிப் பழகுனவங்கடா. இழுத்து நிறுத்துற எடத்தப் பாரு, கை சேத்துக்குள்ள எறங்குது.”

ஒரு குரலைக் கேட்டே அவர் எந்த உடம்பு நிலையில் பாடிப் பழகியவர் என்று சொல்லும் காது எந்தப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கருப்பாயி 2023 ஜூனில் காலமானார். அந்தச் செய்தியை அம்மாவிடம் சொன்னபோது அன்று பகல் முழுவதும் அவர் பேசவில்லை.

அம்மாவின் காதைப் போலவே கண்ணும் கூர்மை. பின்னாளில் ஏதோ ஓர் அலைவரிசையில் நடவுப் பாட்டைக் காட்சியாக்கிக் காட்டினார்கள். பின்னால் குடிசை வரைந்த திரை, முன்னால் செயற்கைப் பயிர், பெண்கள் எல்லோருக்கும் ஒரே நிறக் கண்டாங்கிச் சேலை, தலைநிறையப் பூ. நிமிர்ந்து நின்று பாடிக்கொண்டே முன்னால் நடந்து வந்தார்கள். அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: “முடிய வலது கையில புடிச்சிருக்காளுவ. முன்னால நடந்து வர்றாளுவளே, நட்டதையெல்லாம் மிதிச்சிப்புட்டா என்னாவுறது?”

பாட்டில் பிழையில்லை. பாடியவர்களும் நல்ல பாடகிகள். ஆனால் குனிந்து பாட வேண்டியதை நிமிர்ந்து பாடும்போது அடி நீளும், மூச்சு தாராளமாகும், வாங்கிப் பாடுகிறவர்களுக்கு வேலையே இல்லாமல் போய்விடும். நாட்டுப்புற இசையைப் படமாக்குகிறவர்களில் பலர் இன்றுவரை இதைக் கவனிப்பதில்லை. உடையையும் பின்னணியையும் கவனிக்கிறார்கள். உடல் என்ன செய்துகொண்டிருக்கும்போது அந்தப் பாட்டு பிறந்தது என்பதை விட்டுவிடுகிறார்கள்.

அன்றைய அரசு நிகழ்ச்சிகளில் இன்னொரு குறையும் இருந்தது. மத்திய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தில் 1954-இலிருந்து இசை நாடகப் பிரிவு என்று ஒன்று இயங்கியது. கிராமிய மெட்டுகளை எடுத்துக் குடும்பக் கட்டுப்பாடு, சிறுசேமிப்பு, தடுப்பூசி என்று வார்த்தைகளை மாற்றிப் பாட வைப்பார்கள். நல்ல நோக்கம்தான். மெட்டைக் கேட்டதும் எங்கள் தெருப் பெண்கள் ஆசையோடு நெருங்கி வருவார்கள், வார்த்தையைக் கேட்டதும் எழுந்து போய்விடுவார்கள். அவர்களுடைய மெட்டுக்கு இடமிருந்தது, அவர்கள் சொல்ல வந்ததற்கு இடமில்லை. கூலியும் வெண்மணியும் காரியக்காரரும் வருகிற பாட்டைக் கேட்க வேறு மேடைகளுக்குப் போக வேண்டியிருந்தது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கே.ஏ. குணசேகரன் தம் ‘தன்னானே’ குழுவோடு அப்படிப்பட்ட மேடைகளில் பாடினார். இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ அவர் குரலில்தான் ஊர் ஊராகப் போனது. 2016 ஜனவரியில் அவர் மறைந்தார். எங்கள் ஒன்றியப் பிரதேசத்திலேயே வேலை பார்த்த அந்த மனிதரைத் திண்ணைப் பெட்டியில் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. திறந்தவெளி மேடை ஒன்றில்தான் பார்த்தேன்.

அம்மா ஏன் தொலைக்காட்சியில் பாடவில்லை என்று பிறகு பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்பவர்கள் வழிமுறை தெரியாதவர்கள். வானொலியிலோ தொலைக்காட்சியிலோ பாட வேண்டுமானால் குரல் தேர்வு உண்டு. விண்ணப்பம் எழுதிப் போட வேண்டும். அழைப்பு வந்தால் நிலையத்துக்குப் போக வேண்டும். 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலிதான் டெல்டாவின் பெரிய நிலையம். காரைக்காலிலிருந்து திருச்சிக்குப் போய்வருவதென்றால் இரண்டு நாள் கூலி போய்விடும். தேர்வானால் பி, பி-ஹை, ஏ என்று தரம் போடுவார்கள். தனி ஒருவராகப் பாடினால்தான் தரம் போட வசதி. முப்பது பேர் வாங்கிப் பாடும் பாட்டில் அம்மாவை மட்டும் பிரித்து மைக் முன்னால் நிறுத்தினால், வாங்கிப் பாட ஆளில்லாமல் அவருக்கு மூச்சு எங்கே கிடைக்கும்? யாரோ வேண்டுமென்று அடைத்து வைத்த கதவு என்று இதை நான் சொல்லமாட்டேன். கச்சேரிக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்த கதவு. நடவுப் பெண்கள் அதன் அளவுக்குள் வரவில்லை.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்குத் தருமபுரம் நினைவுக்கு வரும். மயிலாடுதுறை ஆதீனத்துத் தருமபுரம் இல்லை, காரைக்காலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருத்தருமபுரம். திருநீலகண்ட யாழ்ப்பாணர் சம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் அவர் பதிகங்களை யாழில் வாசித்து வந்தவர். யாழில் வாசிப்பதால்தான் பதிகத்துக்குப் பெருமை என்று சுற்றத்தார் பேசத் தொடங்கியதும் அவருக்கே பொறுக்கவில்லை. யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடும்படி சம்பந்தரிடம் வேண்டினார். சம்பந்தர் இந்தத் தருமபுரத்தில் பாடினார். யாழ் தோற்றது. கருவியை உடைக்கப் போன பாணரைச் சம்பந்தரே தடுத்து, முடிந்தவரை வாசியுங்கள் என்று சொன்னதாகக் கதை. யாழ்முரி என்று பெயர் பெற்ற அந்தப் பதிகத்தை இன்று அடாணா ராகத்தில் பாடுகிறார்கள். கோயிலில் சுவாமி பெயரே யாழ்முரிநாதர்.

எங்கள் வட்டாரத்தின் பழைய இசைக் கதை இது. பாட்டு பெரிது, கருவி சிறிது என்று கருவிக்காரரே முன்வந்து ஒப்புக்கொண்ட கதை. யாழுக்குப் பிறகு ஒலிப்பதிவுக் கருவி, தொலைக்காட்சி, கைப்பேசி என்று எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. பாணரின் அடக்கம் இவற்றை இயக்குகிறவர்களுக்கு வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

அந்த அடக்கத்தோடு நடந்துகொண்டவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ஆலன் லோமாக்ஸ் முப்பதுகளிலிருந்தே ஒலிப்பதிவுக் கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு பருத்திக் காடுகளுக்கும் சிறைகளுக்கும் போனவர். பிறகு படக்கருவியோடு போய் எடுத்தவற்றை ‘அமெரிக்கன் பேட்ச்வொர்க்’ என்ற தொடராக்கினார். 1991-இல் அங்குள்ள பொதுத் தொலைக்காட்சி பி.பி.எஸ். அதை ஒளிபரப்பியது. அதில் பாடுகிறவர்கள் தங்கள் திண்ணையிலும் தேவாலயத்திலும் பாடுகிறார்கள், கருவிதான் அவர்களைத் தேடிப் போகிறது. அவர் சேகரிப்பின் பெரும்பகுதி இன்று பாடியவர் பெயரோடும் ஊரோடும் இணையத்தில் யாரும் இலவசமாகக் கேட்கும்படி இருக்கிறது. இங்கேயும் முன்னோடிகள் உண்டு. பெர்சி மாக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சேகரித்த பாட்டுகளைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து, ‘மலையருவி’ என்ற பெயரில் தஞ்சை சரஸ்வதி மகால் வெளியிட்டது. நா. வானமாமலை ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ கொண்டுவந்தார். ஆனால் அச்சில் சொல்தான் ஏறும், இழுப்பு ஏறாது. அதற்குத்தான் வானொலியும் தொலைக்காட்சியும் வேண்டியிருந்தன.

தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் 1990-இல் தொடங்கிய ‘சுரபி’யையும் இங்கே சொல்ல வேண்டும். சித்தார்த் காக், ரேணுகா ஷஹானே இருவரும் நடத்திய அந்தத் தொடர் இந்தியில்தான் இருந்தது. எங்கள் தெருவில் யாருக்கும் இந்தி தெரியாது. ஆனாலும் தார்ப் பாலைவனத்துப் பாடகர்கள் வாய் திறந்தால் அம்மா தலையாட்டுவார். வேற்று மொழிப் பாட்டை வேலைக்காரக் காதால் கேட்பார், “இது ஒட்டகம் ஓட்டுற நடையாட்டம் இருக்குடா” என்பார். நாடு பெரிது என்பதை எந்தப் பாடப் புத்தகத்தையும்விட நன்றாக எனக்குக் காட்டியது அந்தத் திண்ணைதான்.

1993-இல் சன் டிவி வந்தது. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2018-இல் விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் போட்டியில் புதுக்கோட்டைப் பக்கத்து செந்தில் கணேஷ் நாட்டுப்புறப் பாட்டு பாடியே வென்றார். அவர் மனைவி ராஜலட்சுமியும் அதே மேடையில் பாடினார். அன்று எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தார்கள். தெருக்கூத்துக்காரர்களையும் தப்புக்காரர்களையும் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்த வீடுகளிலும் அந்தக் குரல் ஒலித்தது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். தூர்தர்ஷன் பல வருடம் முயன்றும் திருப்ப முடியாத முகங்களைத் தனியார் அலைவரிசை ஒரு பருவத்தில் திருப்பியது. ஆனால் அங்கே பாட்டுக்கு மதிப்பெண் உண்டு, போட்டியாளர் உண்டு, தோற்றால் வெளியேற வேண்டும். எங்கள் வயலில் பாடத் தெரியாதவரும் வாங்கிப் பாடுவார். குரல் கட்டினவருக்குப் பக்கத்தில் நிற்பவர் சேர்த்துப் பாடிக்கொடுப்பார். ஒருவரை வெளியேற்றினால் அன்றைக்கு அரை வயல் நடாமல் கிடக்கும்.

விருதுகளும் வருகின்றன. 2025-இல் புதுச்சேரித் தவில் கலைஞர் தட்சிணாமூர்த்திக்கும் மதுரைப் பக்கத்துப் பறை ஆசான் வேலுவுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. தப்பைத் தொட்டால் தீட்டு என்று சொன்ன காலத்தில் வளர்ந்தவன் நான். பறைக்கு நாட்டின் விருது என்ற செய்தியைச் செய்தித்தாளில் படித்தபோது கண் கலங்கியது.

இன்றைய சுரக்குடிக்கு வாருங்கள். பாட்டைக் காட்ட வேண்டிய வசதியெல்லாம் வந்து குவிந்திருக்கிறது. கையடக்கக் கருவியில் படம் எடுக்கலாம், அடுத்த நிமிடம் உலகுக்கே அனுப்பலாம். தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசை பொதிகை என்ற பெயரிலிருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆகிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் பிரசார் பாரதி ‘வேவ்ஸ்’ என்று இணையச் செயலியும் தொடங்கியது. காரைக்காலிலேயே 100.3 பண்பலை இருக்கிறது, திருச்சிக்குப் போக வேண்டியதில்லை. தஞ்சாவூரில் 1986-இல் நிறுவிய தென்னகப் பண்பாட்டு மையத்தின் எல்லைக்குள் புதுச்சேரியும் அடங்கும். பெரிய தெருச் சன்னலும் இன்று யாருக்கும் தடையில்லை. இத்தனையும் வந்து சேர்ந்த நேரத்தில் வயலில் பாட்டு இல்லை.

நாங்கள் கடைமடைக்காரர்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். காவிரியில் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்பது ஏட்டுக் கணக்கு. தண்ணீர் நம்பிக்கை குறைந்ததும் பலர் நேரடி விதைப்புக்குப் போய்விட்டார்கள். விதைப்பு வயலில் நடவு இல்லை, ஆகவே நடவுப் பாட்டும் இல்லை. சில வயல்களில் இயந்திர நடவு. அதன் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. இன்னும் சில வயல்களில் மேற்கு வங்கத்திலிருந்து வரும் ஆண்கள் குழுவாகக் குத்தகை பேசி நடுகிறார்கள். வேகமான கைகள். வரப்பில் வைத்த கைப்பேசியில் வங்காளப் பாட்டு ஓடுகிறது. ஊரைவிட்டு வெகுதூரம் வந்து சேற்றில் நிற்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் அவர்கள் அம்மா பாடிய நடவுப் பாட்டு ஒன்று இருக்கும். அதையும் எவரும் பதிவு செய்திருப்பார்களா என்று அந்த வரப்பில் நின்று நினைத்துக்கொண்டேன்.

சாவு வீட்டில் ஒப்பாரி இப்போது ஒலிபெருக்கியில் வருகிறது. செத்தவர் ஆணா பெண்ணா என்று கேட்டு அதற்கேற்ற பதிவைப் போடுகிறார்கள். செத்தவரின் பெயரோ, அவர் வாழ்ந்த வாழ்வோ அதில் இராது. ஒப்பாரியின் உயிரே அந்தப் பெயரிலும் வாழ்விலும்தான் இருந்தது. 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சியன்று திருநள்ளாற்றுக் கூட்டத்தில் நின்றேன். வீட்டுக்கு வந்து ஓர் அலைவரிசையின் பதிவைப் பார்த்தால் நாயனக்காரர் கன்னம் உப்புகிறது, தவில்காரர் கை பறக்கிறது, கேட்பது முழுக்க வர்ணனையாளரின் ராசிபலன். வாசிப்பு மேலெழும்பும் இடத்தில்கூட அவர் வாயை மூடவில்லை. இரவெல்லாம் வாசித்தவர்களின் பெயர் ஓரிடத்தில்கூட எழுத்தில் வரவில்லை.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயதிருக்கும். முதுகு நிமிராது. என் தங்கை மகன் காரைக்காலில் கல்லூரியில் படிக்கிறான், நல்ல பிள்ளை, ஆச்சி பாட்டு என்றால் உயிர். கைப்பேசியை நீட்டி, “ஆச்சி, முப்பது செகண்டுதான், பாடுங்க” என்கிறான். அம்மா தன்னானே போட்டுப் பிள்ளையாரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அவனுடைய முப்பது வினாடி தீர்ந்துவிடுகிறது. “இருடா அய்யா, இப்பத்தான் கும்பிட்டிருக்கேன், இன்னும் வயல்லயே எறங்கல” என்கிறார் அம்மா. அவன் நடுவிலிருந்து பாடச் சொல்கிறான். நடுவிலிருந்து அவருக்கு வருவதில்லை. அந்தப் பாட்டு அடி அடியாகப் பின்னோக்கி நகர்ந்து வர வேண்டியது.

ஒரு நாள் அம்மாவோடு முன்பு நடவு நட்ட பெண்களில் நடக்க முடிந்தவர்களை வீட்டுக்கு அழைத்தோம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அம்மா எடுத்தார். முதல் நாலைந்து அடி தடுமாறியது. பிறகு அத்தை ஒருவர் தரையில் இடது கையை ஊன்றி முன்னால் குனிந்தார். மற்றவர்களும் குனிந்தார்கள். குனிந்ததும் பாட்டு வந்தது, இழுப்பு வந்தது, வாங்கிப் பாடுவது தானாக நடந்தது. தங்கை மகன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு முழுப் பாட்டையும் ஓடவிட்டான். காரியக்காரர் வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் செத்து எவ்வளவோ காலமாகிறது.

ஆகவே என் வேண்டுகோளை நேராகவே வைக்கிறேன். சென்னை, புதுச்சேரி, திருச்சி, காரைக்கால் நிலையங்களின் அலமாரிகளில் பல ஆண்டுக் கிராமிய இசைப் பதிவுகள் இருக்கும். அவற்றைப் பாடியவர் பெயர், ஊர், துணை வாசித்தவர் பெயர் எல்லாவற்றோடும் பொதுமக்கள் கேட்கும்படி பிரசார் பாரதி திறந்துவிட வேண்டும். மக்கள் காசில் மக்களின் பாட்டைப் பதிவு செய்தது, மக்களுக்குத் திரும்பி வரட்டும். இனி எடுக்கும் தொடருக்குக் கூடத்தில் குடிசை வரைய வேண்டாம். கருவியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வாருங்கள். தனிப் பாடகியைத் தேடாமல் குழுவாகப் பாட விடுங்கள், குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் சன்மானம் கொடுங்கள், பாட்டு முடியும்வரை கருவியை நிறுத்தாதீர்கள்.

படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ பாடத் தெரிந்த மூத்தவர் ஒருவர் இருப்பார். அவரோடு சேர்ந்து பாடியவர்களையும் கூட்டி வையுங்கள், முழுதாகப் பதிவு செய்யுங்கள், பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள். சுரக்குடியில் பாட்டெடுக்கத் தெரிந்த பெண்களில் இன்றைக்கு இளையவருக்கே அறுபது தாண்டிவிட்டது.